நரியும் பரியும்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடம் விட்டு நாம் வீட்டு வாசற்படி ஏறியதும், மிளகு தீர்ந்துவிட்டது என்ற செய்தி உள்ளேயிருந்து அறிவிக்கப்பட்டது. வீட்டு அரசாங்கத்தின் அறிவிப்புகளுக்கு விளக்கம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஏறிய படியை உடனே இறங்கி, அறந்தாங்கிக் கடைத்தெருவில் நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் இரண்டு டப்பாக்களைத் திறந்து காட்டினார்.

"இது கொல்லிமலை, சார். இது இலங்கை. எதைப் போடட்டும்?"

இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தோம். இரண்டும் கறுப்பு, இரண்டும் உருண்டை, இரண்டும் சுருக்கம் விழுந்தவை. "இது இலங்கை என்று எப்படித் தெரியும், பாய்?" என்று கேட்டோம்.

"மூட்டையில எழுதி வந்துச்சு சார். கொடியில ஏறிப் பறிச்சா பார்த்தோம்?" என்றார் அவர்.

விளையாட்டாகச் சொன்ன பதில்தான். ஆனாலும் பல ஆண்டுகளாக இரண்டு தேசத்துச் சர்க்கார்களையும், சுங்க இலாகாக்களையும், ஆயிரக்கணக்கான மலைக் குடியானவர்களையும் வாட்டிவந்த ஒரு பெரிய வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. மூட்டையில் எழுதியிருப்பது சரிதானா? எழுதியவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதுதான் அந்த வழக்கு.

ஒரு சரக்கு எந்தத் தேசத்தில் பிறந்தது என்பதைப் பற்றி இத்தனை கவலை ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரம் இருந்தால் போதாதா? ரசத்துக்குப் போதும், சுங்கத்துக்குப் போதாது. வெளிநாட்டு மிளகு நம் துறைமுகத்தில் இறங்கினால், அதற்குப் பொதுவாக விதிக்கப்பட்டுவந்த வரி நூற்றுக்கு 70. ஆனால் 1998-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி புது டில்லியில் இந்தியாவும் இலங்கையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அப்போது நம் பிரதம மந்திரி வாஜ்பாய்; இலங்கையின் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. 2000-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அமலுக்கு வந்த அந்த உடன்படிக்கையின்படி, இலங்கையில் விளைந்த மிளகு வரியில்லாமல் இங்கே வரலாம். அண்டை வீட்டாருக்குக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. நமக்கு இதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. அறந்தாங்கியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கோட்டைப்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடலாம்; எதிர்க்கரை யாழ்ப்பாணம். நமக்கு அவர்கள் அயலார் அல்லர்.

அண்டை வீட்டுக்காரர் கொல்லை வழியாக வரும்போது, அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊரே உள்ளே நுழைந்தால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். வியட்நாம் மிளகு, தான் வியட்நாம் மிளகு என்று சொல்லிக்கொண்டு வந்தால் வாசலில் வரி கட்டியாக வேண்டும். கொழும்பில் ஒரு நாள் தங்கி, மூட்டை மாற்றிக்கொண்டு, "நாம் மாத்தளை" என்று சொல்லி வந்துவிட்டால் வரி கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியட்நாம் மிளகு கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேர் வழியில் வந்தால் வரி 140 ரூபாய், மொத்தம் 340. கொழும்பு வழியில் கூலி, கமிஷன், கப்பல் சத்தம் எல்லாம் சேர்ந்து 30 ரூபாய் ஆனாலும் 230-க்கு வந்துவிடும். கிலோவுக்கு 110 ரூபாய் லாபம். பத்து டன் சரக்குக்குப் பதினொரு லட்சம் ரூபாய். மூட்டையின் மேல் ஒரு பெயரை மாற்றுவதற்கு இது நல்ல கூலி.

இவ்விடத்தில் நமது பக்கத்து ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறந்தாங்கிக்குத் தெற்கே சிறிது தூரத்தில் இருப்பது ஆவுடையார்கோயில். பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுடைய மந்திரியான திருவாதவூரர், குதிரை வாங்குவதற்காக அரசன் கொடுத்த பொன்னை எடுத்துக்கொண்டு வந்து, இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, பொன் முழுவதையும் சிவத் திருப்பணியில் செலவழித்துவிட்டார் என்பது வரலாறு. பிறகு நடந்ததைத் தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியும் சொல்வாள். இறைவன் காட்டிலிருந்த நரிகளையெல்லாம் குதிரைகளாக்கி, தாமே குதிரை வாணிகராக முன்னே வந்தார். பாண்டியன் லட்சணங்களைப் பார்த்தான், நடையைப் பார்த்தான், மெச்சினான், கயிறு மாற்றிக்கொண்டான். கயிறு மாறியபின் சரக்குக்கு வாங்கியவரே பொறுப்பு என்பது குதிரை வியாபார வழக்கமாம். நள்ளிரவில் அவை மறுபடியும் நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. ஆண்டவனுடைய திருவிளையாடலைப் பற்றி நாம் பேசத் தகுதியற்றவர்கள். ஆனால் சுங்கச் சாவடிக்கு வரும் வியாபாரிகள் சிலர் இந்தத் திருவிளையாடலை அடிக்கடி நடத்துகிறார்கள். பகலில் பரி, கயிறு மாறியபின் நரி. கடிபடுவது ஏற்கெனவே லாயத்தில் இருந்த பழைய குதிரைதான் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பழைய குதிரை எது என்பதை நாம் 2019-ல் நேரில் கண்டோம். அந்த ஆண்டு பிள்ளைகளைக் கொல்லிமலைக்கு உல்லாசப் பிரயாணம் அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே சவுக்குப் போல் நெடிது வளர்ந்த மரங்களில் மிளகுக் கொடி சுற்றிப் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறிப் பறிக்கிறார்கள். கால் தவறினால் கொடியும் காப்பாற்றாது. அப்படிப் பறித்து, உதிர்த்து, பாயில் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், நாம் பள்ளிக்கூடத்து ஆசாமி என்று தெரிந்ததும் ஒரு சந்தேகம் கேட்டார். "விலை கேட்டால் வியட்நாம் வியட்நாம் என்கிறான். அது எங்கே இருக்குதுங்க?" பூகோளப் பாடமாக இருந்தால் உடனே பதில் சொல்லியிருப்போம். அவர் கேட்டது பூகோளம் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்ற மிளகு, அப்போது 400-க்கும் கீழே இறங்கியிருந்தது. தம்முடைய 200 ரூபாயை எடுத்துக்கொண்டு போனவன் எங்கே இருக்கிறான் என்பதே அவருடைய கேள்வி.

நியாயமாகச் சொல்ல வேண்டும். விலை விழுந்ததற்குத் திருட்டுச் சரக்கு மட்டுமே காரணம் அல்ல. வியட்நாம்காரர்கள் மிளகுப் பயிரை ஏராளமாகப் பெருக்கி, உலகத்தில் முதலிடத்தைப் பிடித்துவிட்டார்கள். உலகச் சந்தையிலேயே விலை சரிந்தது. அது உழைத்துச் சம்பாதித்த வெற்றி. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. நம் குறை, நேர் வழியில் வரி கட்டி வராமல் கொல்லை வழியில் வந்ததைப் பற்றியதே.

சரி, ஒரு சரக்கின் பிறந்த தேசத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது? இதில் நமது தொழிலுக்கு ஓரளவு அநுபவம் உண்டு. நாம் சிறுவனாயிருந்தபோது பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்று எதுவும் கேட்கமாட்டார்கள். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதில் பட்டால் ஐந்து வயது. பட்டவுடன் தலைமை ஆசிரியர் தமக்குத் தோன்றிய ஒரு தேதியைப் பேரேட்டில் எழுதிக்கொள்வார். அதனால்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்களாக இருந்தோம். ஆடிப் பெருக்குக்கு மறுநாள் நாம் பிறந்ததாக நம் தாயார் சத்தியம் செய்வார். ஆனால் சர்க்கார் நமக்கு ஓய்வு கொடுக்கப்போவது மே மாதக் கணக்கில்தான். ஒரு தடவை காகிதத்தில் ஏறிவிட்டால், பெற்ற தாயின் சாட்சியும் செல்லாது. பிறப்பிடச் சான்று என்ற காகிதத்தின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

சுங்கக்காரர்களுடைய காது தொடும் பரீட்சையைச் சற்று விவரமாகச் சொல்கிறோம். விளைபொருள்களில் சங்கடம் குறைவு. இலங்கை மண்ணில் முளைத்துப் பறித்த மிளகு, இலங்கையில் பிறந்து வளர்ந்த ஆடு, அங்கே வெட்டிய கனிப்பொருள் ஆகியவை முற்றும் அத்தேசத்துக்கு உரியவை. மீன் விஷயம் வேடிக்கையானது. ஆழ்கடலில் பிடித்த மீனுக்குத் தேசம், பிடித்த கப்பலின் தேசம். கடலில் நீந்தும்போது ஜாதி, தேசம் இல்லாமல் திரிந்த மீன், வலைக்குள் வந்ததும் கொடியேற்றிக்கொண்டுவிடுகிறது! நம் பக்கத்துப் பாக் ஜலசந்தியில் ஆழ்கடல் என்பது கிடையாது. 1974-ல் கோடு கிழித்துப் பங்கிட்டாயிற்று. அந்தக் கோட்டை மீன் தாண்டினால் கேட்பார் இல்லை. ஜெகதாபட்டினத்துப் படகு தாண்டினால் என்ன ஆகிறது என்பதைத் தினசரிப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

செய்பொருள்களுக்கு வந்தால்தான் தலை சுற்ற ஆரம்பிக்கும். ஒரு சட்டை இருக்கிறது. பஞ்சு ஒரு தேசம், நூல் ஒரு தேசம், துணி ஒரு தேசம், பொத்தான் ஒரு தேசம். தைத்தது கொழும்பு. அது எந்தத் தேசத்துச் சட்டை? இந்திய-இலங்கை உடன்படிக்கை இதற்கு இரண்டு பரீட்சைகள் வைத்தது. முதலாவது விலைக் கணக்கு. கப்பலில் ஏற்றும்போது சரக்கின் விலை 100 ரூபாய் என்றால், அதில் மூன்றாம் தேசத்து மூலப்பொருள் 65 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. மிச்சம் 35 இலங்கையில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். மூலப்பொருளில் ஒரு பகுதி நம் நாட்டிலிருந்தே போயிருந்தால் சலுகை உண்டு: இலங்கையின் பங்கு 25 இருந்தால் போதும், இரு நாட்டுப் பங்கும் சேர்ந்து 35 ஆனால் சரி. இரண்டாவது, பெயர் மாற்றம். உலகத்தில் விற்கும் பொருள்களுக்கெல்லாம் சுங்க அட்டவணையில் நான்கு இலக்கத் தலைப்பு ஒன்று உண்டு. உள்ளே போன பொருளின் தலைப்பும் வெளியே வரும் பொருளின் தலைப்பும் வேறாக இருக்க வேண்டும். மிளகுக்குத் தலைப்பு 0904. இடித்துப் பொடியாக்கினாலும் அதே 0904-தான். ஆகையால் வெளிநாட்டு மிளகை இலங்கையில் உலர்த்தினாலும், சலித்தாலும், இடித்தாலும், வேறு பையில் கட்டினாலும் அது இலங்கை மிளகு ஆகாது. விதியை வகுத்தவர்களுக்கு விவரம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் விதி வகுத்தவர் கோலத்தில் பாய்ந்தால், வியாபாரி தடுக்கில் பாய்கிறார். உடன்படிக்கை வந்த சில ஆண்டுகளுக்குள் இலங்கையிலிருந்து செம்பும் வனஸ்பதியும் வெள்ளமாக வரத் தொடங்கின. 2003 முதல் 2005 வரையில் அங்கிருந்து இங்கே வந்த சரக்குகளில் பெரும் பங்கு இவை இரண்டுமே. இலங்கையில் செம்புச் சுரங்கம் நடக்கவில்லை. வனஸ்பதிக்கு வேண்டிய எண்ணெய்ப் பனந்தோட்டங்களும் போதுமான அளவு இல்லை. பின் எப்படி? பழைய செம்பை வெளிநாடுகளிலிருந்து வாங்கி உருக்கினார்கள். பழைய செம்புக்கு ஒரு தலைப்பு. உருக்கிய செம்புக்கு வேறு தலைப்பு. மலேயா, இந்தோனேசியாப் பனை எண்ணெயைக் கொண்டுவந்து, ஜலவாயுவைச் செலுத்தி இறுக்கினார்கள். எண்ணெய்க்குத் தலைப்பு 1511, இறுக்கியபின் 1516. பெயர் மாற்றப் பரீட்சையில் தேறியாயிற்று. விலைக் கணக்கில் 35 சேர வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. வரியே இல்லாத சரக்குக்கு விலையைக் கூட்டிச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? கூட்டிச் சொன்ன அளவுக்கு இலங்கைப் பங்கு தானாக உயர்ந்துவிடும். லண்டன் உலோகச் சந்தை விலையோடு ஒத்துப் பார்த்தபிறகே செம்பின் சாயம் வெளுத்தது. வனஸ்பதிக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள். மிளகுக்கும் 2,500 டன் என்று வரம்பு வந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் பலவற்றை அங்கே போய் வைத்தவர்கள் நம் இந்திய முதலாளிகளே என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. நரியை இலங்கைக்காரன் தலையில் மட்டும் கட்டுவது தர்மம் அல்ல.

மிளகிலும் இந்த "விலையைக் கூட்டிச் சொல்லும்" வித்தை பிற்பாடு புகுந்தது. 2017 டிசம்பரில் நம் சர்க்கார், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் வெளிநாட்டு மிளகு வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. குடியானவருக்கு மூச்சு வரும் என்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் சுங்கச் சாவடியில் 200 சில்லறை ரூபாய் மிளகை "500 ரூபாய்" என்று எழுதிக்கொடுப்பதற்கு மசி மட்டுமே செலவு. வரி உள்ள சரக்கானால் 500-க்கு நூற்றுக்கு 70 வீதம் 350 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். பொய் சொல்ல மனம் வராது. இலங்கைச் சான்று கையில் இருந்தால் 500-க்கும் பூஜ்யம், ஆயிரத்துக்கும் பூஜ்யம். அதிகமாகக் காட்டிய பணம் நம் தேசத்தை விட்டு வெளியே போவதற்கு அது ஒரு நல்ல வழியாகவும் ஆயிற்று என்று புகார்கள் எழுந்தன. விலையைக் குறைத்து எழுதுவது வியாபாரத்தில் பழைய தந்திரம். கூட்டி எழுதுவதற்கும் ஆசை உண்டாக்கிக் கொடுத்தது நமது சட்டத்தின் சாமர்த்தியம்.

தாம்பூலத் தட்டும் தப்பவில்லை. பாக்குக்குப் பொது வரி நூற்றுக்கு 100. இந்தோனேசியாப் பாக்கு இலங்கைப் பாக்காக வேஷம் போட்டு வந்தது என்று வருவாய்ப் புலனாய்வு இலாகாவினர் வழக்குகள் தொடுத்தார்கள். பாக்கைக் கடித்துப் பார்த்துத் தேசம் சொல்லும் கிழவர்கள் நம் ஊரில் உண்டு. ஆனால் கோர்ட்டில் அவர்கள் சாட்சி எடுபடுமா என்பது சந்தேகம்.

இதெல்லாம் புதிய கலிகாலக் கூத்து என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவை வருணிக்கும்போது, சரக்குகளைச் சும்மா எண்ணிக்கொண்டு போகவில்லை. ஈழத்திலிருந்து வந்தது இது, காழகத்திலிருந்து வந்தது அது என்று ஒவ்வொன்றுக்கும் பிறந்த இடம் சொல்கிறார். அங்கே சோழனுடைய சுங்கக்காரர்கள் மூட்டைகளின் மேல் புலி முத்திரை குத்தினார்கள். புலி முத்திரை பொய் சொன்னதாக அவர் எங்கும் சொல்லவில்லை. புலவர்கள் தாட்சணியம் உள்ளவர்கள்.

நம் தாத்தா காலத்தில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. அப்போது சலுகை நாம் கொடுத்ததல்ல, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 1930-ல் பஞ்சுத் துணிக்குச் செய்த சட்டத்தில் பிரிட்டிஷ் துணிக்கு வரி நூற்றுக்கு 15, பிற தேசத்துத் துணிக்கு 20 என்று வைத்தார்கள். 1932-ல் கானடா தேசத்து ஆட்டவா நகரில் ஏகாதிபத்திய நாடுகளெல்லாம் கூடி, ஒன்றுக்கொன்று சலுகை காட்டுவது என்று தீர்மானித்தன. நம் சார்பில் சென்ற தூதுகோஷ்டியில் கோயமுத்தூர் ஆர். கே. ஷண்முகம் செட்டியாரும் ஒருவர். பிறகு 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானவர் அவரே. ஆட்டவா ஒப்பந்தத்தை முறித்துவிட வேண்டும் என்று 1936-ல் மத்திய சட்டசபை தீர்மானித்தது. 1939-ல் வேறு ஓர் ஒப்பந்தம் வந்தது. ஒரு தேசத்தின் சரக்குக்குச் சலுகை என்று சொன்ன மறு நிமிஷமே, எது அந்தத் தேசத்துச் சரக்கு என்ற விசாரணையும் கூடவே பிறந்துவிடுகிறது. அன்றும் அப்படியே, இன்றும் அப்படியே.

பிரிட்டிஷார் விஷயத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1887-ல் அவர்கள் ஒரு சட்டம் செய்து, அந்நியச் சரக்குகளின் மேல் பிறந்த தேசத்தின் பெயரைப் பொறிக்கும்படி செய்தார்கள். மட்டமான ஜெர்மன் கத்திகள் ஷெபீல்டு கத்திகளைப் போல் நடித்து ஜனங்களை ஏமாற்றுகின்றன என்பது குறை. "ஜெர்மனியில் செய்தது" என்று போட்டுவிட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று எண்ணினார்கள். நாளடைவில் ஜெர்மானியர் சரக்கைச் செப்பனிட்டார்கள். வசைக்காக வைத்த முத்திரை வாங்குபவர் தேடிப் பார்க்கும் முத்திரையாகிவிட்டது.

திரும்பவும் நமது கதைக்கு வருவோம். 2020 வரையில் இறக்குமதி செய்பவர் பாடு சுகமாக இருந்தது. கொழும்பிலுள்ள வர்த்தக இலாகா கையெழுத்திட்ட சான்றை நீட்டினால் போதும். "உண்மையா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்? அங்கே போய்க் கேளுங்கள்" என்று சொல்லிவிடலாம். நம் கடைக்கார பாய் நம்மிடம் சொன்ன பதிலும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அவர் கால் கிலோ விற்பவர். கப்பல் கப்பலாக வரவழைப்பவர்களும் அதையே சொன்னார்கள். அந்த ஆண்டுப் பட்ஜெட்டில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் இதை எடுத்துப் பேசி, சுங்கச் சட்டத்தில் புதிய பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. செப்டம்பர் 21-ந் தேதி முதல் புது விதிகள் அமலுக்கு வந்தன. இனி வரவழைப்பவரே சரக்கின் ஜாதகத்தை அறிந்திருக்க வேண்டும். எங்கே விளைந்தது, எப்படிச் செய்தார்கள், எவ்வளவு மதிப்பு எங்கே சேர்ந்தது என்ற விவரங்களையெல்லாம் படிவத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுக்குப் பத்திரப்படுத்த வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். கயிறு மாறியபின் வாங்கியவரே பொறுப்பு என்ற பாண்டியன் காலத்து வழக்கம் மறுபடியும் திரும்பிவிட்டது! 2025 மார்ச்சில் விதிகளில் "சான்றிதழ்" என்றிருந்த இடத்தில் "சான்று" என்று மாற்றினார்கள். ஓர் இதழ்தானே உதிர்ந்தது என்று நினைக்கலாம். அத்தாட்சி இன்ன அதிகாரி கையெழுத்திட்ட காகிதமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, உற்பத்தி செய்தவரே எழுதிக்கொடுப்பதும் ஆகலாம் என்று சில உடன்படிக்கைகளில் வந்திருப்பதே காரணம்.

புதிய விதியைப் பற்றி வியாபாரிகள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் முணுமுணுப்பில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. கொழும்பில் விற்பவன் தன் அடக்க விலையை வாங்குபவனிடம் எப்படிச் சொல்வான்? ரசம் வைக்கும் பக்குவத்தைச் சொல்லலாம். கை மணத்தின் ரகசியத்தைச் சொல்லச் சொன்னால்? பெரிய கம்பெனிக்குக் கணக்கப்பிள்ளைகள் உண்டு. தூத்துக்குடியில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் சிறு வியாபாரிக்கு, சலுகை வேண்டாம், முழு வரியையே கட்டிவிடுகிறேன் என்று சொல்வது சுலபமாகிவிடுகிறது. இது எங்கும் உள்ள சங்கடம்தான். சலுகையில்லாத சாதாரண வியாபாரத்துக்காவது உலகம் முழுவதற்கும் ஒரே பிறப்பிட விதி செய்துவிடலாம் என்று 1995-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தார் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்தில் முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். இன்னும் முடியவில்லை. ஆகவே நமக்குள் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

நமக்கு உண்மையாக மனம் வருந்துவது வேறு ஒருவரை நினைத்து. அவர் மாத்தளையிலோ கண்டியிலோ வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து கொடி வைத்திருக்கும் இலங்கைக் குடியானவர். அவருடைய மிளகுக்குக் காரம் அதிகம். சாரம் எடுப்பவர்கள் விரும்பி வாங்குவது அது. வரியில்லாக் கதவு திறந்தது அவருக்காகத்தான். அந்தக் கதவை வியட்நாம் மூட்டை அடைத்துக்கொண்டதால் அவர் வெளியே நிற்க நேர்ந்தது. தம் பெயரில் வேறொருவர் உள்ளே போனார். பிறகு அந்தக் குற்றத்துக்காக வரம்பு கட்டியபோது, அந்த 2,500 டன்னுக்குள் அவரும் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அவரைப் போன்றவர்கள் கூச்சலிட்டபிறகே, 2017 முடிவில் இலங்கைச் சர்க்கார், மிளகு முதலிய வாசனைச் சரக்குகளை மறு ஏற்றுமதிக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்குத் தடை விதித்தது. கொல்லிமலைக் கிழவரும் மாத்தளைக் குடியானவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவரையும் போட்டியாளர் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இருவர் மடியிலும் கைவைத்தவன் ஒருவனே என்று நமக்குத் தோன்றுகிறது.

கடைக்காரர் இன்னும் டப்பாவைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் நூறு நூறு கிராம் கட்டச் சொன்னோம். "ரெண்டுமா சார்?" என்று வியந்தார். வீட்டில் தனித் தனியாக இடித்து, இரண்டு கிண்ணத்தில் ரசம் வைக்கச் செய்தோம். எது எந்தத் தேசம் என்று நாம் வாய் திறக்கவில்லை. இரண்டையும் ருசி பார்த்த பிறகு, வலப்பக்கத்துக் கிண்ணத்துக்கே காரம் தூக்கல் என்று தீர்ப்பாயிற்று. அது இலங்கை மூட்டை. மாத்தளையில் பறித்ததாகவே இருக்கக்கூடும்.